துருக்கி மொழி: எவி, எவினி, எவின்தெ³ – உடைமை விகுதி எங்கே முடிகிறது, வேற்றுமை உருபு எங்கே தொடங்குகிறது?

நெய்தல்

முதலில் எழுத்து முறை. மேலே 3 போட்ட எழுத்துக்கு மெல்லிய ஒலி: க³ (கங்கையின் நடு ஒலி), த³ (பந்து), ப³ (பம்பரம்), ஸ³ (ஸகரத்தின் அதிர்வொலி). 3 இல்லாத க, த, ப எல்லா இடத்திலும் வல்லோசை. வட்டக் குறி இட்ட உ°, ஒ° இரண்டுக்கும் நாக்கு இ, எ சொல்லும் இடத்தில் இருக்கும், உதடு மட்டும் குவியும். அடைப்புக்குள் வரும் (க) எழுத்தில் உண்டு. பேச்சில் கரைந்து முன்னுள்ள உயிரை நீட்டிவிடும்.

இப்போது சிக்கல். வேற்றுமைகள் தனியே தெளிவாக இருக்கின்றன: எவ் வீடு, எவி வீட்டை, எவெ வீட்டுக்கு, எவ்தெ³ வீட்டில், எவ்தெ³ன் வீட்டிலிருந்து, எவின் வீட்டின். உடைமையும் தனியே தெளிவு: எவிம் என் வீடு, எவின் உன் வீடு, எவி அவன் வீடு. சேரும்போது எல்லாம் குழம்புகிறது. ‘எவி’ வீட்டையா, அவன் வீடா? ‘எவின்’ உன் வீடா, வீட்டினுடையதா? ‘எவினி’, ‘எவின்தெ³’ இரண்டிலும் நடுவில் வந்து உட்காரும் ன் யாருடையது?

ஒற்றெழுத்து

வரிசையை முதலில் மனத்தில் வையுங்கள், அது மாறவே மாறாது: பெயர் + பன்மை + உடைமை + வேற்றுமை. எவ்-லெர்-இமிஸ்³-தெ³ன், எங்கள் வீடுகளிலிருந்து. ஃபின்னிஷ் மொழியில் இது தலைகீழ், ‘தலோ-ஸ்ஸா-நி’ என்று வேற்றுமை முதலில், ‘என்’ கடைசியில். துருக்கிய மொழிக் குடும்பத்தில் (துருக்கி, உஸ்பெக், கசாக், அஸர்பைஜானி எல்லாம் இதில் அடக்கம்) வேற்றுமைதான் கதவைச் சாத்தும்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் எடுத்துக்கொண்ட சொல். பாடநூல்கள் எல்லாம் ‘எவ்’வில்தான் தொடங்குகின்றன, அது மெய்யில் முடிவதால் வெவ்வேறு விகுதிகள் ஒரே வடிவில் வந்து நிற்கும். உயிரில் முடியும் சொல்லைப் போட்டுப் பாருங்கள், முக்கால்வாசி பிரிந்துவிடும். அரப³ (வண்டி) நல்ல உரைகல்:

வண்டியை: அரப³யு
அவன் வண்டி: அரப³ஸு
உன் வண்டியை: அரப³னு
அவன் வண்டியை: அரப³ஸுனு
உன் வண்டியில்: அரப³ன்த³
அவன் வண்டியில்: அரப³ஸுன்த³

எவி, எவினி, எவின்தெ³ மூன்றிலும் இரண்டிரண்டு பொருள் ஒளிந்திருப்பது இப்போது தெரியும். ஒரு வாக்கியத்தில் ‘எவினி’ வந்து திகைத்தால் அங்கே மனத்துக்குள் வண்டியை நிறுத்துங்கள். அரப³னு பொருந்துகிறதா, அரப³ஸுனு பொருந்துகிறதா என்று சூழல் சொல்லிவிடும்.

அ-வுக்குப் பின் நான் எழுதிய உகரம் உதடு குவியாதது. ‘காது’, ‘பாட்டு’ என்று சொல்லி முடிக்கும்போது வரும் நம் குற்றியலுகரம்தான் அது. ஒ, உ-வுக்குப் பின் வருவது உதடு குவிந்த முழு உகரம்: ஒகுல் (பள்ளி), ஒகுலு. உயிர் இயைபு விதியே (முன்னுள்ள உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிர் மாறுவது) எது எது என்று காட்டிவிடுவதால் தனிக் குறி வேண்டாம்.

ஏழாம்வேற்றுமை

நடுவில் வரும் ன் பற்றி. உயிரும் உயிரும் சேரும்போது நாம் ய், வ் போடுகிறோமே (கிளி + ஐ = கிளியை), அந்த உடம்படுமெய் வேலையைத் துருக்கியில் ய் செய்கிறது: கபு (கதவு) + உ = கபுயு. மூன்றாம் ஆள் உடைமையின் ஸ் கூட அதே இடத்தில்தான் வருகிறது: கபு-ஸு. ஆனால் அரப³ஸு-ன்-த³ என்பதில் உயிர் மோதலே இல்லை. ஸு உயிரில் முடிகிறது, த³ மெய்யில் தொடங்குகிறது, ஒட்டுவதற்கு ஒரு தடையும் கிடையாது. இருந்தும் ன் வருகிறது. ஆகவே அதை உடம்படுமெய் என்று படிப்பது தவறு. படித்தால் ‘அரப³ஸுத³’ என்றுதான் வாயில் வரும். தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

அதை மூன்றாம் ஆள் உடைமையோடு பிறந்ததாக வையுங்கள். விகுதி ‘இ’ அல்ல, ‘இ(ன்)’. பின்னால் வேற்றுமை எதுவும் வராதபோது ன் ஒளிந்துகொள்ளும், வந்தால் வெளியே வரும். சுட்டுப்பெயர்களிலும் இதே நடத்தை: ஒ (அவன், அது) → ஒனு, ஒன்த³, பு³ (இது) → பு³னு, பு³ன்த³ன். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. இது + ஐ = இதனை, அது + கு = அதற்கு; அன் சாரியை. வேற்றுமை வந்தால் முளைப்பது, வராவிட்டால் இல்லாமல் போவது.

போஸ்பரஸ்_காற்று

சாரியை ஒப்பீடு நினைவில் வைக்க உதவும், சரி. அதற்கு மேல் போய் இரண்டும் ஒரே மூலம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரு மொழிகளிலும் ன் இருப்பது எதையும் நிறுவாது.

வரலாற்றில் ஒரு சிறு சுவடு மட்டும் சொல்லலாம். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நிறுவிய, குல் திகின் என்ற பழந்துருக்கிய இளவரசனின் நினைவுக் கல்வெட்டில் ‘ஸபு³முன்’ என்று வருகிறது: ஸப்³ (சொல்), உம் (என்), உன் (ஐ). ‘என் சொல்லை முழுதும் கேள்’ என்ற இடம். அதே கல்வெட்டு மொழியில் உடைமை ஒட்டாத பெயருக்கு ஐ உருபு க³ ஒலியில் முடியும். உடைமை ஏறிய பெயர் வேற்றுமையிடம் வேறு முகம் காட்டுவது பழைய வழக்கம் என்பதற்கு இது போதும்.

சமர்கந்து_தெரு

உஸ்பெக் படிப்பவர்கள் இந்த இழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே இந்த ன் கிடையாது. உய் வீடு, உயி அவன் வீடு, உயித³ அவன் வீட்டில், உயிக³ அவன் வீட்டுக்கு. நேராக ஒட்டுகிறது. கசாக்கில் உண்டு: அவன் வீட்டில் என்பதற்கு உ°யின்தெ³ போன்ற வடிவம், அவன் வீட்டுக்கு உ°யினெ. அஸர்பைஜானியில் துருக்கியைப் போலவே எவின்தெ³, எவினி. ஆனால் ஒரு பொறி: அங்கே உயிரில் முடியும் சொல்லுக்கு வெறும் ‘ஐ’ உருபே ‘னு’. துருக்கியில் கதவை என்பது கபுயு; அஸர்பைஜானியில் அதற்கு னு ஈறு. துருக்கிப் பழக்கத்தில் அதைக் கேட்டால் ‘உன் கதவை’ என்று காதில் விழும்.

நெய்தல்

வண்டிச் சோதனை வேலை செய்கிறது. ஆனால் ‘அரப³னுன்’ என்று ஒன்று வந்தால்? ‘கிதப்லரு’ என்று வந்தால்?

ஒற்றெழுத்து

சோதனையின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அரப³-னுன் என்றால் வண்டியினுடைய. அரப³ன்-உன் என்றால் உன் வண்டியினுடைய. வடிவத்தால் பிரிக்க முடியாது. முன்னால் ‘ஸெனின்’ (உன்) போட்டால்தான் தெளிவு.

‘கிதப்லரு’ இதைவிட மோசம், நான்கு பொருள்: புத்தகங்களை, அவன் புத்தகங்கள், அவர்கள் புத்தகம், அவர்கள் புத்தகங்கள். கடைசியில் கிதப்-லர்-லரு என்று வந்திருக்க வேண்டும், இரண்டு லர் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பதால் ஒன்று விழுந்துவிடுகிறது. எழுதும்போது உடையவரை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே வழி: ஒனுன் கிதப்லரு என்றால் அவனுடைய புத்தகங்கள். ஒன்லருன் கிதபு³ என்றால் அவர்களுடைய புத்தகம். ‘ஒன்லருன்’ பன்மையைச் சொல்லிவிட்டதால் பின்னால் ஒருமை விகுதியே போதும். ஒன்லருன் கிதப்லரு என்றால் புத்தகங்களும் பல.

கிதப் → கிதபு³ கவனித்தீர்களா? சொல் இறுதி ப், ச், த், க் உயிர் விகுதிக்கு முன் மென்மையாகும். ப³ர்த³க் (குவளை) → ப³ர்த³(கு). பலவசைச் சொற்களில் பெரும்பாலும் நடக்கும். ஓரசைச் சொற்களில் பெரும்பாலும் நடக்காது (தொப் பந்து → தொபு). ஆனால் ஓரசையிலும் ஜெப் (சட்டைப் பை) → ஜெபி³, தெ³ர்த் (துயரம்) → தெ³ர்தி³ என்று மாறுவன உண்டு, அவற்றை அகராதி பார்த்துத்தான் பழக வேண்டும். அரபுவழி வந்த தெ³வ்லெத் (அரசு), ஹுகுக் (சட்டம்) போன்றவை அசையாமல் நிற்கும்: தெ³வ்லெதி, ஹுகுகு.

இன்னொரு நுட்பம்: புத்தகத்தில் ‘கிதப்-த’, வல்லோசை த. அவன் புத்தகத்தில் ‘கிதபு³ன்-த³’, மெல்லோசை. உடைமை உ வந்ததும் ப் மென்மையாகிறது, ன் நடுவில் வந்ததும் அடுத்த த-வும் மென்மையாகிறது. எந்த மெய்களுக்குப் பின் வல்லோசைத் த வரும் என்பதற்குத் துருக்கியப் பள்ளிகளில் ஒரு மனப்பாடச் சொல் உண்டு: ஃபுஸ்துக்சு ஷஹப், ‘பிஸ்தா விற்கும் ஷஹப்’. அதிலுள்ள எட்டு மெய்கள்தான், வேறில்லை.

பனங்கற்கண்டு

தொகைச் சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அங்கேதான் தினசரி அடி விழுகிறது. இரண்டு பெயர் சேர்ந்து ஒரு பொருளின் பெயரானால் இரண்டாவதில் மூன்றாம் ஆள் உடைமை ஏறும்: சய் ப³ர்த³(கு) தேநீர்க் குவளை, எல் சன்தஸு கைப்பை, து°ர்க் கஹ்வெஸி துருக்கிக் காப்பி. ‘அவனுடைய’ என்ற பொருள் இதில் துளியும் இல்லை, வெறும் தொகை அடையாளம். முதற்சொல்லில் உருபு ஏறினால் பொருள் மாறும்: ‘ஒகுல் கபுஸு’ பள்ளிக் கதவு என்ற வகை, ‘ஒகுலுன் கபுஸு’ குறிப்பிட்ட அந்தப் பள்ளியின் கதவு.

என் கைப்பை? ‘எல் சன்தஸும்’ அல்ல. ஸு கழன்று ம் வரும்: எல் சன்தம். ஒரு பெயரில் உடைமைக்கு ஒரே ஒரு இருக்கை. அலியின் கைப்பை என்றாலும் ‘அலினின் எல் சன்தஸு’தான், தொகைக்கு ஒன்று, அலிக்கு ஒன்று என்று இரண்டு ஸு போட முடியாது.

இந்தத் தொகை உடைமையும் ன்-ஐ வெளியே இழுக்கும். இஸ்தான்புல்லில் இடம் சொல்லும்போது இது உடனே தெரியும். க³லத குலெஸி (கலாட்டா கோபுரம்), அதில் என்றால் குலெஸின்தெ³. ஊர்ப்பெயருக்குள் புதைந்திருந்தாலும் விடாது: பெ³யொ(க்)லு என்பது ‘பெ³ய் (பிரபு) மகன்’ என்ற தொகை, ஆகவே பெ³யொ(க்)லுன்த³. எமினொ°னு°, பொ³(க)ஸி³சி இரண்டும் அப்படியே. ‘கது³கொ°ய்’ மட்டும் விதிவிலக்குப் போலத் தோன்றும், ஈற்று விகுதி காலப்போக்கில் உதிர்ந்துபோனதால் கது³கொ°ய்தெ³ என்றே வரும். அன்கரத³, கொன்யத³ தொகையே அல்ல, ன் தேவையில்லை.

எழுத்தில் சிறப்புப் பெயருக்கும் விகுதிக்கும் நடுவே மேற்குறி போட வேண்டும், கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் சேர்த்து. ஆனால் துருக்கி மொழிக் கழகத்தின் எழுத்து விதிப்படி நிறுவனப் பெயர்களுக்கு (பல்கலைக்கழகம், வங்கி, நாடாளுமன்றம்) அது வேண்டாம். துருக்கியர்களே பாதிப்பேர் இதில் தவறுவார்கள்.

சமர்கந்து_தெரு

பள்ளிவாசல் பெயர்ப் பலகைகளில் ஸு°லெய்மனியெ ‘ஜமிஇ’ என்று இரண்டு இ சேர்த்து எழுதியிருக்கிறதே, ஜமிஸி என்று வர வேண்டாமா?

பனங்கற்கண்டு

அரபியில் அந்தச் சொல் தொண்டையொலி மெய்யில் முடியும். துருக்கி வாய் அந்த மெய்யை விழுங்கிவிட்டது, விகுதி மட்டும் மெய்க்குப் பின் வருவது போலவே நின்றுவிட்டது. பேச்சில் ஜமிஸி சாதாரணம், பெயர்களில் பழைய வடிவம்.

உள்நாட்டுச் சொல்லில் முரண்டு பிடிப்பது ஸு (தண்ணீர்). ஸுஸு வராது, அவன் தண்ணீரும் ‘ஸுயு’, தண்ணீரையும் ‘ஸுயு’. என் தண்ணீர் ‘ஸுயும்’.

நெய்தல்

‘ஐ’ எப்போது போட வேண்டும்? தமிழில் ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டும் உண்டே, அதே கணக்கா?

ஏழாம்வேற்றுமை

ஏறக்குறைய அதே. கிதப் ஒகுது³ம்: புத்தகம் படித்தேன். கிதபு³ ஒகுது³ம்: அந்தப் புத்தகத்தைப் படித்தேன். இந்த இடத்தில் தமிழ்க் காது பெரிய வரம், அதை நம்பலாம். மூன்று இடத்தில் மட்டும் நம்பக் கூடாது.

ஒன்று, உயர்திணை. தமிழில் ‘மருத்துவர் தேடுகிறேன்’ நெருடும், ‘மருத்துவரை’ என்றே வாய் போகும். துருக்கியில் யாராவது ஒரு மருத்துவர் என்றால் உருபில்லாமல் தொ³க்தொர் அருயொரும். தொ³க்தொரு என்றால் கேட்பவருக்கும் தெரிந்த மருத்துவர்.

இரண்டு, உடைமை ஏறிய பெயர். அவன் புத்தகத்தை எடுத்தேன் என்றால் கிதபு³னு அல்து³ம்; ‘அலினின் கிதபு³ அல்து³ம்’ பிழை. காதில் ஏற்கெனவே ஓர் உ விழுந்துவிட்டதால் ஐ போட்டாயிற்று என்று மனம் ஏமாறுகிறது. அது உடைமை உ. ஐ இன்னும் வரவில்லை.

மூன்று, இடம். உருபில்லாத செயப்படுபொருள் வினையை ஒட்டியே நிற்க வேண்டும். ‘நேற்று புத்தகம் படித்தேன்’ வரிசை சரி, ‘புத்தகம் நேற்று படித்தேன்’ வரிசை துருக்கியில் நிற்காது. உருபு ஏறினால் நகரலாம்.

போஸ்பரஸ்_காற்று

தமிழர் வழக்கமாகச் சறுக்கும் இன்னொரு இடம் ‘எனக்கு … உண்டு’. எனக்கு வீடு உண்டு என்பதை அப்படியே ‘ப³ன எவ் வர்’ ஆக்கிவிடுவார்கள். உடைமைக்கு அங்கே கு உருபு வராது. பெ³னிம் எவிம் வர், சொல்லுக்குச் சொல் ‘என் வீடு-என் உண்டு’. ‘ப³ன மெக்துப் வர்’ என்பது இலக்கணப்படி சரிதான், ஆனால் பொருள் ‘எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது’. இன்னொரு கிளை நம்மோடு அழகாக ஒத்துப்போகிறது: பெ³ன்தெ³ பர வர், என்னிடம் (இப்போது கையில்) பணம் இருக்கிறது. வண்டி யாருடையதோ, சாவி என்னிடம் என்றால் அரப³ பெ³ன்தெ³.

வினைகள் கேட்கும் உருபும் தமிழோடு மோதும். அவனைப் பார் என்பது அங்கே அவனுக்குப் பார், ஒன ப³க். வேலையைத் தொடங்கு என்பது வேலைக்குத் தொடங்கு, இஷெ ப³ஷ்ல. அவனை நம்பு என்பது ஒன இனன். அலியிடம் கேள் என்பது அலியெ ஸொர், அலிக்குக் கேள். பேருந்தில் ஏறு என்பது பேருந்துக்கு ஏறு. கதவு வழியாக நுழைவதற்கு ‘இலிருந்து’ உருபு: கபுத³ன். நாய்க்குப் பயப்படுவதும் நாயிலிருந்துதான். வினையைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். ஒன ப³க், ஒன்த³ன் கொர்க் என்று உருபேறிய சுட்டோடு சேர்த்துப் பழகுங்கள்.

ஒற்றெழுத்து

இதையெல்லாம் தாண்டி உடைமை விகுதிக்குப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: வாக்கியத்துக்குள் வாக்கியம். ‘அலி வந்தது எனக்குத் தெரியும்’ என்பதற்கு அலினின் கெ³ல்தி³(கி)னி பி³லியொரும். பிரித்தால் அலி-னின் (உடைய), கெ³ல்-தி³க் (வந்தது), இ (அவன்), ன், இ (ஐ). ‘அலியின் வந்ததை அறிகிறேன்’ என்ற அமைப்பு. வீட்டுக்கும் வண்டிக்கும் சொன்ன அதே சூத்திரம் வினைக்கும் பொருந்துகிறது. எவினி புரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ‘அலி கெ³ல்தி³(கி) பி³லியொரும்’ என்று எழுதினால் இரண்டு பிழை, அலியின் உருபும் இல்லை, கடைசி ஐ-யும் இல்லை.

மேசை மேல், வீட்டு முன் போன்றவையும் இதே வார்ப்பு: மஸனுன் உ°ஸ்து°ன்தெ³, ‘மேசையின் அதன்-மேற்புறத்தில்’. தமிழில் ‘மேல்’ வெறுமனே நிற்கும், அங்கே உடைமையும் ன்-னும் தெ³-யும் ஏறிக்கொண்டு நிற்கும்.

நெய்தல்

பயிற்சி, திருத்துங்கள்.
1. அவள் பையில்: சன்தஸுன்த³
2. நம் பள்ளியிலிருந்து: ஒகுலுமுஸ்³தன்
3. அலியின் தேநீர்க் குவளையை: அலினின் சய் ப³ர்த³(கு)ஸுனு
4. எனக்கு இரண்டு அக்கா: இகி அப்³லலரும் வர்
5. அக்கா வீட்டில் இருக்கிறோம்: அப்³லலரும்த³யு

பனங்கற்கண்டு

1 சரி. 2இல் ஸ்³ மெல்லோசை, ஷஹபின் எட்டில் இல்லை. ஆகவே த³ன்: ஒகுலுமுஸ்³த³ன். 3இல் இருக்கை ஒன்றுதான் என்று சொன்னோமே: சய் ப³ர்த³(கு)னு. 4இல் எண் வந்தால் பன்மை விகுதி வேண்டாம்: இகி அப்³லம் வர்.

5 சுவையானது. அப்³ல-லர்-உம் என்றால் என் அக்காமார். உடைமையைப் பன்மைக்கு முன்னால் தள்ளினால், அப்³ல-ம்-லர், என் அக்காவும் அவள் வீட்டாரும். முதலில் சொன்ன ‘மாறாத’ வரிசை மாறும் ஒரே மூலை இந்த உறவுப்பெயர்கள்தான். ‘அக்கா வீட்டில்’ என்பதற்கு வீடு என்ற சொல்லே வேண்டாம், அப்³லம்லர்த³ போதும். ‘இருக்கிறோம்’ என்பதற்கு ஈற்றில் யுஸ்³: அப்³லம்லர்த³யுஸ்³.

ஒற்றெழுத்து

‘மாறவே மாறாது’ என்று எழுதியது நான். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். தெய்ஸெ³ம்லர் (சித்தி வீட்டார்) என்றும் இதே போல வரும்.